விருந்தாளியா, ஊர்க்காரனா? – ஹூஸ்டனுக்கு வந்த கத்ரினா மக்களின் கதை

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்று நம் ஊரில் சொல்வார்கள். நாலாவது நாளும் விருந்தாளி கிளம்பாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வருடம் கழித்தும் கிளம்பாவிட்டால்? ஒரு வீட்டில் நடந்தால் இது குடும்பச் சண்டையோடு போய்விடும். ஒரு பெருநகரத்துக்கே நடந்தால் அது சரித்திரம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 2005ல் அதுதான் நடந்தது.

கத்ரினா புயலைப் பற்றி எல்லோரும் ஓரளவு கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி காலை அது லூசியானா மாநிலக் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை உண்மையில் மூழ்கடித்தது புயல் காற்று அல்ல. நகரத்தைச் சுற்றியிருந்த கரைகளும் கால்வாய்ச் சுவர்களும் உடைந்ததுதான் காரணம். நகரத்தின் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. கார் வைத்திருந்தவர்கள் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். கார் இல்லாதவர்கள், வயதானவர்கள், போக இடமில்லாதவர்கள் சூப்பர்டோம் விளையாட்டு அரங்கத்திலும் மாநாட்டு மையத்திலும் அடைந்து கிடந்தார்கள். டிவியில் உலகமே அதைப் பார்த்தது. உலகத்தின் பணக்கார நாடு தன் ஜனங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க ஐந்து நாள் திணறியது என்பதை இன்று படித்தாலும் நம்ப முடியவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரை நியூ ஆர்லியன்ஸைப் பற்றியது அல்ல. அங்கிருந்து மேற்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹூஸ்டனைப் பற்றியது. வந்தவர்களை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள், அந்தப் பார்வை எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதுதான் விஷயம்.

ஆகஸ்ட் 31 இரவு. ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் கட்டில்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். சூப்பர்டோமிலிருந்து அரசாங்கப் பேருந்துகள் வரும் என்று காத்திருந்தபோது, முதலில் வந்து நின்றது ஒரு மஞ்சள் பள்ளிக்கூடப் பேருந்து! நியூ ஆர்லியன்ஸில் நின்றுகொண்டிருந்த அந்த வண்டியை ஒரு இளைஞன் எடுத்து, அக்கம்பக்கத்தவர்களையும் வழியில் நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்துவிட்டான். எங்கள் பட்டியல் சூப்பர்டோம் ஆட்களுக்குத்தான் என்று வாசலில் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே விட்டார்கள். வண்டியைத் திருடினான் என்று சொன்னவர்கள் உண்டு, உயிரைக் காப்பாற்றினான் என்று சொன்னவர்களும் உண்டு. பின்னால் வரப்போகும் சண்டை முழுவதும் அந்த முதல் வண்டியிலேயே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சில நாட்களில் ஹூஸ்டன் செய்தது சாதாரண வேலை இல்லை. ஆஸ்ட்ரோடோமும் அதைச் சுற்றியிருந்த அரங்கங்களும் நிரம்பின. நகர மையத்திலிருந்த ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையமும் திறக்கப்பட்டது. ஒரு அரங்கத்துக்குள் ஒரே நாளில் ஒரு மருத்துவமனையை எழுப்பி, இரண்டு வாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள். ஆஸ்ட்ரோடோமுக்கென்று தனி அஞ்சல் குறியீட்டு எண் கொடுத்தார்கள் – 77230. தேவாலயங்கள், யூதக் கோயில்கள், மசூதிகள் எல்லாம் முறைவைத்து உணவு பரிமாறின. செப்டம்பர் 11ஆம் தேதி யார் பரிமாறுவது என்று வந்தபோது நகரத்தின் முஸ்லிம்கள் அந்த நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான்கு வருடம் முன்பு அதே தேதியில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும்.

மேயர் பில் ஒயிட்டும் மாவட்டத் தலைவர் ராபர்ட் எக்கல்ஸும் வேறு வேறு கட்சிக்காரர்கள். ஆனாலும் சேர்ந்து வேலை செய்தார்கள். (நம் ஊரில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்!) அந்த நவம்பரில் நடந்த மேயர் தேர்தலில் ஒயிட் சுமார் 91 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஊர் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்ட நேரம் அது.

மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள்? உச்சத்தில் இரண்டு முதல் இரண்டரை லட்சம் பேர் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். ஒரு வருடம் கழித்தும் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் அங்கேயே இருந்தார்கள். ஹூஸ்டன் நகரத்தின் ஜனத்தொகையே அப்போது சுமார் இருபது லட்சம்தான்.

சிக்கல் ஆரம்பத்திலேயே, ஒரு வார்த்தையில் முளைத்தது. வந்தவர்களை என்ன பெயரில் அழைப்பது? பத்திரிகைகள் முதலில் 'அகதிகள்' என்று எழுதின. ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற கறுப்பினத் தலைவர்கள் கொதித்துப் போனார்கள். சொந்த நாட்டின் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வந்த குடிமகன் எப்படி அகதி ஆவான் என்று கேட்டார்கள். அதிபர் புஷ்ஷே இவர்கள் அகதிகள் அல்ல, அமெரிக்கர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சில பத்திரிகைகள் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதாக அறிவித்தன. தமிழில் யோசித்தால் இதன் கனம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. கதி இல்லாதவன் அகதி. அப்படி அழைத்துவிட்டால் அவனுக்குக் கொடுப்பதெல்லாம் பிச்சை, அவன் கேட்பதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம்.

செப்டம்பர் 5ஆம் தேதி ஆஸ்ட்ரோடோமைச் சுற்றிப் பார்த்த அதிபரின் தாயார் பார்பரா புஷ் (அவர் வசித்தது ஹூஸ்டனில்தான்) ஒரு பேட்டியில், இவர்கள் எப்படியும் வசதியற்றவர்கள், ஆகையால் இந்த ஏற்பாடு இவர்களுக்கு நன்றாகவே அமைந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். இவர்கள் எல்லோரும் டெக்சாஸிலேயே தங்க விரும்புகிறார்களாம், அதைக் கேட்டால் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. ஆனால் அடுத்த இரண்டு வருடங்களில் ஹூஸ்டன்காரர்கள் பலர் சொன்னதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன, அவர் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

ஒரு விஷயத்தில் அவர் காதில் விழுந்தது சரிதான். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் ஹார்வர்டும் கைசர் அறக்கட்டளையும் அந்த செப்டம்பரிலேயே ஹூஸ்டன் முகாம்களில் கருத்துக்கணிப்பு எடுத்தன. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கறுப்பினத்தவர். பெரும்பாலோர் வருட வருமானம் 20,000 டாலருக்கும் கீழ். திரும்பிப் போக விரும்புகிறோம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. அதாவது ஊர், சமையல் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு விருந்தாளியை வரவேற்ற அதே நாளில் வந்தவர்களில் பாதிப்பேர் விருந்தாளிகளாகவே வரவில்லை.

சரி, இத்தனை பேரை எங்கே குடிவைப்பது? வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி இதுவாகத்தான் இருக்கும். ஹூஸ்டனில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் எண்ணெய் விலை ஏறியபோது, வேலைக்கு வந்த இளைஞர்களுக்காக ஆயிரக்கணக்கில் அபார்ட்மென்ட் கட்டித் தள்ளினார்கள், முக்கியமாக நகரத்தின் தென்மேற்குப் பகுதியில். எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை விழுந்தது. இளைஞர்கள் போனார்கள், கட்டடங்கள் நின்றன. வாடகை இறங்கியது, பராமரிப்பும் இறங்கியது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களும் குடியேறினார்கள். 2005லும் ஏராளமான வீடுகள் காலி. மேயர் ஒயிட் வீட்டுக்காரர்களோடு பேசி, ஒரு வருட வாடகைக்கு நகராட்சி பொறுப்பு என்று வவுச்சர் கொடுத்தார். பணத்தை மத்தியப் பேரிடர் நிறுவனமான ஃபீமா பின்னால் தரவேண்டும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். மற்ற ஊர்களில் ஓட்டல் அறைகளிலும் டிரெய்லர் வண்டிகளிலும் ஜனங்கள் மாதக்கணக்கில் கிடந்தபோது ஹூஸ்டனில் கதவும் பூட்டும் உள்ள வீடு கிடைத்தது.

கணக்குப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பத்துப் பதினைந்து வருடமாகக் காலியாக இருந்த சரக்கு ஒரே மாதத்தில் விற்றுப்போன மாதிரி. வாடகைக்கு அரசாங்க உத்தரவாதம் வேறு. ஆனால் விலை மலிவான காலி வீடுகள் எங்கே இருந்தனவோ அங்கேதான் ஜனங்களும் போனார்கள். ஏற்கெனவே குற்றம் அதிகமான, போலீஸ் குறைவான, பள்ளிகள் நெருக்கடியான தென்மேற்குப் பகுதிகளில் கொண்டுபோய் ஒரு லட்சம் பேரில் பெரும்பங்கைச் சேர்த்தது சந்தையின் வேலை. திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. பின்னால் நடந்ததைப் பேசும்போது வந்தவர்களின் குணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்களே தவிர, அவர்களை எங்கே வைத்தோம் என்பதை அதிகம் பேர் பேசவில்லை.

நடுவே ஒரு விசித்திரமும் நடந்தது. கத்ரினாவுக்கு நாலே வாரத்தில் ரீட்டா என்ற இன்னொரு புயல் ஹூஸ்டனை நோக்கி வந்தது. இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகளில் நூறு மைல் நீளத்துக்குக் கார்கள் நகராமல் நின்றன. வெயிலில், பெட்ரோல் தீர்ந்து, தண்ணீர் இல்லாமல்… புயல் கடைசி நேரத்தில் திசை மாறிவிட்டது. ஆனால் அந்த வெளியேற்றத்திலேயே நூறு பேர் வரை இறந்தார்கள், அதில் முதியோர் இல்லத்திலிருந்து பேருந்தில் போன 23 பேர் தீயில் கருகி இறந்ததும் அடக்கம். ஹூஸ்டன்காரர்களும் இரண்டு மூன்று நாள் வீடற்றவர்களாக இருந்து பார்த்தார்கள். அந்த அனுபவம் பரிவைக் கூட்டியிருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஸ்டீபன் கிளைன்பர்க் என்ற சமூகவியல் பேராசிரியர் 1982ல் தன் வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சியாக ஊர் மக்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்க வைத்தார். அது நிற்காமல் வருடா வருடம் தொடர்ந்தது. ஒரு ஊரின் மனசை இத்தனை காலம் விடாமல் அளந்த கணக்குப் புத்தகம் வேறெங்கும் அதிகம் இல்லை. (வகுப்பு அசைன்மென்ட் என்றால் இப்படி இருக்கவேண்டும்.) கத்ரினாவுக்குப் பிறகு வந்த 2006 கணிப்பில் அவர்கள் இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றியும் கேட்டார்கள்.

நம் ஊர் ஒன்றுசேர்ந்து உதவியது என்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கினர், வந்தவர்களால் வன்முறைக் குற்றம் பெரிதும் கூடிவிட்டது என்றார்கள். அவர்கள் இங்கேயே தங்கிவிட்டால் ஊருக்குக் கெடுதல் என்றவர்கள் கிட்டத்தட்ட பாதி. அடுத்த வருடம் அது இன்னும் கூடியது. 2008ல் அவர்கள் வரவால் நகரத்துக்குத் தீமையே என்றவர்கள் பத்தில் ஏழு பேர்.

இந்த வரிசை வழக்கத்துக்கு மாறானது. புதிதாக வருகிறவனைக் கண்டு முதலில் பயப்படுவதும், பழகப் பழகப் பயம் தெளிவதும்தான் உலக வழக்கம். இங்கே நாளாக ஆக வெறுப்பு ஏறியிருக்கிறது. நாங்கள் நல்லவர்கள் என்ற எண்ணமும் அவர்கள் கெட்டவர்கள் என்ற எண்ணமும் ஒரே மனசில் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன. சொல்லப்போனால் ஒன்றுக்கொன்று துணையாக இருந்திருக்கின்றன. நாங்கள் இவ்வளவு செய்தோமே, அதற்கு இதுவா பலன் என்ற கேள்வியை உதவி செய்தவன்தானே கேட்க முடியும்?

குற்றம் கூடியது உண்மையா என்றால், கூடியது. மழுப்புவதில் அர்த்தமில்லை. ஹூஸ்டனில் 2004ல் 270 சொச்சம் கொலைகள். 2005ல் 330ஐத் தாண்டியது. 2006ல் 370ஐத் தாண்டியது. நியூ ஆர்லியன்ஸ் கத்ரினாவுக்கு முன்பே அமெரிக்காவில் கொலை அதிகம் நடந்த நகரங்களில் ஒன்று. அங்கே தெருவுக்குத் தெரு இருந்த கும்பல் பகைகளும் பேருந்து ஏறி வந்தன. ஒருவரையொருவர் தேடிச் சுட்டுக்கொண்ட சம்பவங்கள் நடந்தன. 2006 தொடக்கத்தில் ஹூஸ்டன் போலீஸ் இதற்கென்றே தனிப்படை அமைத்துப் பலரைப் பிடித்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு கொலையில் இடம்பெயர்ந்தவர் யாராவது சம்பந்தப்பட்டிருந்தார் என்று போலீஸ் தரப்பில் கணக்குச் சொன்னார்கள்.

அந்த 'சம்பந்தப்பட்டிருந்தார்' என்பதில்தான் கவனம் வேண்டும். கொன்றவரும் அதில் அடக்கம், கொல்லப்பட்டவரும் அதில் அடக்கம். செத்துப்போனவனையும் சேர்த்துக்கொண்டு 'இவர்களால் வந்த குற்றம்' என்று கணக்கெழுதினால் அது எந்த வகைக் கணக்கு? இன்னொன்று, 2005ல் கத்ரினாவுக்கு முன்பிருந்தே கொலைகள் ஏறத்தொடங்கியிருந்தன. ஓய்வூதிய விதிகள் மாறியதால் அதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் மொத்தமாக ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள். பின்னாளில், 2010ல், சீன் வரானோவும் மற்ற சில குற்றவியல் ஆய்வாளர்களும் ஹூஸ்டன், சான் அன்டோனியோ, ஃபீனிக்ஸ் மூன்று நகரங்களின் புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்ந்தார்கள். ஹூஸ்டனில் கொலை, வழிப்பறி போன்ற சிலவற்றில் ஏற்றம் இருந்தது, ஆனால் மொத்தத்தில் விளைவு மிதமானது, ஊர் பேசிய அளவுக்கு அலை எதுவும் அடிக்கவில்லை என்பது அவர்கள் முடிவு.

எனக்கு இதைவிட அழுத்தமாகப் படும் எண் வேறு. 2011ல் ஹூஸ்டனில் நடந்த கொலைகள் 200க்கும் கீழே. பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு குறைவு. அப்போதும் பல்லாயிரம் கத்ரினாக் குடும்பங்கள் அங்கேதான் வாழ்ந்துகொண்டிருந்தன. குற்றம் ஏறியபோது அவர்களைச் சுட்டிய விரல், இறங்கியபோது எந்தப் பக்கமும் நீளவில்லை.

2006 செப்டம்பரில் டெக்சாஸ் கவர்னர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற பாடகர் கிங்கி ஃப்ரீட்மன் ஹூஸ்டனில் வைத்தே சொன்னார்: கலைஞர்களும் இசைக்காரர்களும் திரும்பிப் போய்விட்டார்கள், போதை ஆசாமிகளும் ரவுடிகளும்தான் தங்கிவிட்டார்கள் என்று. அதே சமயத்தில் மேற்கு ஹூஸ்டனில் ஒரு தேவாலயத்தில் நடந்த கூட்டத்துக்கு ஜனங்கள் பெருந்திரளாக வந்து மேயரிடம் சத்தம் போட்டார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதை என்று நம்மூரில் சொல்வோமே, அந்த ராகம்தான்.

கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "ஏன் இன்னும் போகவில்லை?"

எங்கே போவது? நியூ ஆர்லியன்ஸில் ஏழைகள் குடியிருந்த அரசுக் குடியிருப்புகள் பல வெள்ளத்தில் பெரிதாகச் சேதமாகவில்லை. ஆனாலும் பூட்டிவைத்தார்கள். 2007 டிசம்பரில் அந்த நகர மன்றம் நான்கு பெரிய குடியிருப்புகளை, ஏறத்தாழ 4,500 வீடுகளை, இடிக்க ஒப்புதல் கொடுத்தது. ஏழைகளின் பெரிய மருத்துவமனையாக இருந்த சாரிட்டி மருத்துவமனை திறக்கப்படவே இல்லை. அரசுப் பள்ளி ஊழியர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள், அதில் பெரும்பாலோர் கறுப்பின நடுத்தர வர்க்கத்தினர். மிஞ்சிய வீடுகளின் வாடகை எகிறியது. 2000ல் 4,84,674 ஆக இருந்த நியூ ஆர்லியன்ஸ் ஜனத்தொகை 2010ல் 3,43,829. காணாமல் போனவர்களில் சுமார் ஒரு லட்சம் பேர் கறுப்பினத்தவர். ஒரு ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. இன்னொரு ஊர் ஏன் அந்தக் கதவைத் தட்டவில்லை என்று கேட்டது. நடுவில் ஃபீமா வாடகையை நிறுத்தப்போவதாக அறிவிப்பதும், பிறகு நீட்டிப்பதும், மறுபடி அறிவிப்பதுமாக விளையாடியது. அடுத்த மாதம் இந்த வீடு இருக்குமா என்று தெரியாதவனிடம் போய் நிரந்தர வேலை தேடிக்கொள், ஊரோடு ஒட்டிக்கொள் என்றால் எப்படி?

அதிலும் ஹூஸ்டன் கார் இல்லாமல் வாழ முடியாத ஊர். நியூ ஆர்லியன்ஸில் நடந்தே கடைக்கும் மாதா கோயிலுக்கும் அத்தை வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், இங்கே எட்டு வழிச்சாலை ஓரத்து அபார்ட்மென்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். வேலைக்குப் போக மாட்டார்கள், சோம்பேறிகள் என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிக்கூடங்களில் ஆரம்பத்தில் அடிதடிகள் நடந்தன. 2005 கடைசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஹூஸ்டன் மாணவர்களும் நியூ ஆர்லியன்ஸ் மாணவர்களும் மோதிப் பலர் கைதானார்கள். இரண்டு ஊரிலும் பேட்டைகளுக்கு 'மூன்றாம் வார்டு', 'ஐந்தாம் வார்டு' என்று ஒரே மாதிரிப் பெயர். எந்த ஊர் மூன்றாம் வார்டு பெரியது என்பதே சண்டைக்குப் போதும். படிப்பு கெட்டதா? இம்பர்மன், குக்லர், சசர்டோட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆய்வின்படி, வந்த பிள்ளைகளால் உள்ளூர்ப் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண்ணில் சொல்லும்படியான சரிவு இல்லை. ஹூஸ்டன் மேல்வகுப்புகளில் வருகைப்பதிவும் ஒழுங்கும் கொஞ்சம் கெட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வந்த இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளும் மேலே வந்தார்கள்.

வேலைச் சந்தையிலும் அப்படித்தான். மாலி மெக்கின்டாஷ் 2008ல் கணக்கிட்டபடி உள்ளூர்க்காரர்களின் கூலி 1.8 சதவீதம் குறைந்தது. வேலையில் இருக்கும் வாய்ப்பு அரை சதவீதப் புள்ளி குறைந்தது. இது பூஜ்யம் இல்லை. அந்தக் கூலியில் வாழ்கிறவனுக்கு 1.8 சதவீதமும் வலிக்கும், அவனைப் பார்த்து இனவெறியன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், நியாயம் இல்லை. ஆனால் பத்தில் ஏழு பேர் 'தீமை' என்று சொல்லும் அளவுக்கு இந்த எண்ணில் ஒன்றும் இல்லை என்பதும் தெரிகிறது. வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வருமான வரிக் கணக்குகளை வைத்து 2018ல் ஒரு ஆய்வு வந்தது. முதல் ஓரிரு வருடம் சறுக்கினார்கள், சில வருடங்களில் மற்ற ஊர்களில் தம்மைப் போலிருந்தவர்களை எட்டிப்பிடித்துத் தாண்டியும் விட்டார்கள் என்கிறது அது.

எல்லா கத்ரினா மக்களுக்கும் ஒரே வரவேற்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியில் ஒரு வியட்நாமியக் குடியிருப்பு இருந்தது. 1975ல் சைகோன் விழுந்த பிறகு வந்தவர்கள் அவர்கள். புயலுக்குப் பிறகு அவர்கள் ஆஸ்ட்ரோடோமைத் தேடிப் போகவில்லை. ஹூஸ்டனின் பெல்லேர் சாலையில் ஹாங்காங் சிட்டி மால் என்ற வியட்நாமியக் கடைத்தொகுதி இருக்கிறது. அதன் கார் நிறுத்துமிடத்தில் போய் இறங்கினார்கள். உள்ளூர் வியட்நாமியக் குடும்பங்கள் வந்து, உங்களுக்கு எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று கேட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். அகதி என்ற வார்த்தையைப் பற்றி அங்கே யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள், இரண்டு பக்கமும் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சீக்கிரமே திரும்பிப் போய்த் தங்கள் தேவாலயத்தைச் சுற்றி ஊரை மறுபடி கட்டிக்கொண்டார்கள். சொந்த வீடு இருந்தது, திரும்ப ஒரு இடம் இருந்தது. அரசுக் குடியிருப்பில் இருந்தவனுக்கு அது இல்லை.

இத்தனையும் படித்த பிறகு ஹூஸ்டனின் பழைய சரித்திரத்தைப் புரட்டினேன். அங்கேதான் ஆச்சரியம். ஹூஸ்டன் பெரிய நகரமானதே ஒரு புயலால்! 1900 செப்டம்பர் 8ல் பக்கத்துத் தீவு நகரமான கால்வெஸ்டனைப் புயல் துடைத்துப் போட்டது. குறைந்தது ஆறாயிரம் பேர் இறந்தார்கள். அதுவரை டெக்சாஸின் பெரிய துறைமுகம் அதுதான். அதன் பிறகு முதலீடு பாதுகாப்பான உள்நிலத்தைத் தேடியது. 1914ல் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் திறந்தது. கால்வெஸ்டன் விட்ட இடத்தை ஹூஸ்டன் பிடித்துக்கொண்டது.

1920களில் லூசியானாவிலிருந்து பிரெஞ்சுக் கலப்பு மொழி பேசும் கிரியோல் கறுப்பின மக்கள் வேலை தேடி ஹூஸ்டனின் ஐந்தாம் வார்டுக்கு வந்தார்கள். 1927ல் மிசிசிப்பி ஆற்றில் வரலாறு காணாத வெள்ளம். கரைகள் உடைந்து லூசியானா மூழ்கியது. (எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) இன்னும் பல குடும்பங்கள் கிளம்பி வந்து அங்கேயே தங்கின. அந்தப் பகுதிக்கு ஃபிரெஞ்ச்டவுன் என்றே பெயர். ஆண்கள் பலர் ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். கத்தோலிக்கர்களான அவர்கள் பக்கத்திலிருந்த மெக்சிகோக்காரர்களின் தேவாலயத்துக்குப் போனால் கடைசி வரிசைதான் கிடைத்தது. 1929ல் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு தேவாலயம் அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைகளிலும் மாதாகோயில் நடனங்களிலும் அக்கார்டியனோடு வாசித்த இசைக்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 'ஸைடெகோ' என்ற எழுத்துக்கூட்டலைக் கொடுத்தவரே ஹூஸ்டனைச் சேர்ந்த மேக் மெக்கார்மிக்தான். 1969ல் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவர் மூன்றாம் வார்டில் தொடங்கிய ஃபிரெஞ்சீஸ் பொரித்த கோழிக்கடையை ஹூஸ்டன்காரர்கள் தங்கள் ஊர் அடையாளமாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆக, லூசியானாவிலிருந்து வெள்ளத்தில் அடித்துவந்த மனிதர்கள் ஹூஸ்டனுக்குப் புதிது இல்லை. முந்தின தடவை வந்தவர்கள் இப்போது ஊரின் பாரம்பரியம். இந்தத் தடவை வந்தவர்கள் பிரச்சினை. நடுவில் எண்பது வருடம், அவ்வளவுதான்.

2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் ஹூஸ்டன் மேல் நின்றுகொண்டு நாட்கணக்கில் மழையைக் கொட்டியது. அதே ஜார்ஜ் ஆர். பிரவுன் மையத்தில் மறுபடி கட்டில்கள் போட்டார்கள், இந்தத் தடவை ஹூஸ்டன்காரர்களுக்கு. லூசியானாவிலிருந்து மீன்பிடிப் படகுகளை வண்டியில் கட்டிக்கொண்டு தன்னார்வலர்கள் வந்து தெருத்தெருவாக ஆட்களை மீட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் மேயர் மிட்ச் லாண்ட்ரூ, கத்ரினாவின்போது ஹூஸ்டன் செய்ததை மறக்கமாட்டோம் என்று உதவிக்கு முன்வந்தார். முகாமில் இருந்தவர்களில் பன்னிரண்டு வருடம் முன்பு நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்து, இங்கே வீடு பிடித்து, அதையும் தண்ணீருக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்த இடத்தில் அவர்களை யாரும் நீ எந்த ஊர், எப்போது கிளம்புவாய் என்று கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஆஸ்ட்ரோடோம் இன்று நிகழ்ச்சிகள் எதுவும் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. 2014ல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஃபிரெஞ்ச்டவுன் அவ்வளவுகூட மிஞ்சவில்லை. 1960களில் ஐந்தாம் வார்டின் நடுவே நெடுஞ்சாலைகள் போட்டபோது வீடுகள் போய், குடும்பங்கள் சிதறிவிட்டன. அப்படிப் போட்ட சாலைகளில் ஒன்று ஐ-10. அதில் ஏறி நேராகக் கிழக்கே போனால் நியூ ஆர்லியன்ஸ்.